சமாதான ஒப்பந்தத்துக்குப் பின் வரும் அரசுப் பணம்: யார் செலவிடுவது, யார் கணக்குக் கேட்பது?

கேள்வி – எழுதியவர்: மந்தைவெளி மாணவி

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பொது நிர்வாகம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீண்ட காலம் வன்முறை நிலவிய ஒரு பகுதியில் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு, அப்பகுதிக்கென்று அரசு தனியாக ஒதுக்கும் பணம் அங்கே அமைதி வேரூன்ற உதவுகிறதா என்பதை ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்திருக்கிறேன். வளரும் சனநாயக நாடுகளை மட்டுமே பார்க்கிறேன்.

இதுவரை படித்ததில் முதலில் கண்ணில் பட்டது, ஒப்பந்தங்களிலும் அவற்றைத் தொடர்ந்து வந்த சட்டங்களிலும் தொகையோ விழுக்காடோ மிகத் துல்லியமாக எழுதப்பட்டிருப்பதுதான். இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்துக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டம், தேசியப் பொது ஒதுக்கீட்டு நிதியில் (மத்திய அரசு மாநில, உள்ளூர் அரசுகளுக்குப் பகிரும் நிதி) 2 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை 15 ஆண்டுகளுக்கும், பிறகு 1 விழுக்காட்டை ஐந்து ஆண்டுகளுக்கும் வழங்குகிறது. பிலிப்பைன்சின் பங்சமோரோ தன்னாட்சிப் பகுதிக்கு, 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசிய உள்நாட்டு வருவாயின் நிகரத் தொகையில் 5 விழுக்காடு ஆண்டுதோறும் தானாகவே போய்ச் சேருகிறது. கென்யாவில் 2007 தேர்தலை ஒட்டி வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு எழுதப்பட்ட 2010 அரசமைப்பு, தேசிய வருவாயில் குறைந்தது 15 விழுக்காட்டை 47 கவுண்டி அரசுகளுக்கு உறுதி செய்கிறது. நம் நாட்டில் அசாமின் போடோலாந்துக்கு 2003 ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி ரூபாயும், 2020 ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இரண்டுக்கும் நடுவில், 2012இல், அதே பகுதியில் நடந்த கலவரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து முகாம்களுக்குப் போனார்கள் என்பதும் நினைவில் இருக்கிறது.

இப்படித் தொகையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்தத் தொகையைச் செலவிட முடிவெடுப்பவர் யார், தவறாகச் செலவிட்டால் தடுப்பவர் யார் என்பதைப் பற்றி ஒப்பந்த மேசைகளில் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே என் கேள்விகள் இரண்டு. பணத்தின் அளவு முக்கியமா, அது போகும் வழி முக்கியமா? தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பே இல்லாத இடத்துக்குப் பணம் தொடர்ந்து போகலாமா, அல்லது தேர்தல் நடக்கும் வரை நிறுத்தி வைப்பது நியாயமா? களத்தில் பணியாற்றியவர்கள் பதில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

உள்ளாட்சிக் கணக்குகளைப் பார்ப்பதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன்: வழிதான் முக்கியம். ஆனால் அதை நிறுவுவதற்கு நீங்கள் ஆச்சேவரை போக வேண்டியதில்லை. முதலில் ரிப்பன் மாளிகையைப் பாருங்கள். சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்ட பிறகு, 1996 வரை 23 ஆண்டுகள் இந்த நகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. பிறகு மீண்டும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை கிடையாது. இத்தனைக்கும் 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது திருத்தங்கள், ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசமைப்பிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

மன்றம் இல்லாத காலத்தில் பணம் நின்றுவிடுவதில்லை. தனி அலுவலர் பொறுப்பில் செலவாகிறது. அப்படிப்பட்ட ஆண்டுகளின் கணக்குகளைப் பார்க்கும்போது எனக்குப் புலப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டுகள் ஒழுங்காக இருக்கும், அளவுப் புத்தகம் சரியாக இருக்கும், ஒப்பந்தப்புள்ளி விதிப்படி கோரப்பட்டிருக்கும். சில நேரங்களில் மன்றம் இருந்த ஆண்டுகளைவிடக் காகிதம் சுத்தமாகவே இருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்று: இந்தத் தெருவுக்கு ஏன் போட்டாய், அந்தத் தெருவுக்கு ஏன் போடவில்லை என்று கேட்ட குரலின் தடயம் தீர்மானப் புத்தகத்தில் இருக்காது. தணிக்கைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் இல்லை. செலவு விதிப்படி நடந்ததா என்று மட்டுமே நாங்கள் பார்ப்போம். எது முதலில் வேண்டும் என்று ஊரார் சண்டையிட்டு முடிவெடுத்தார்களா என்பது எங்கள் படிவத்தில் இல்லை.

வன்முறை நிலவிய பகுதியில் அந்தச் சண்டைதான் விலைமதிப்புள்ளது என்பது என் கருத்து. துப்பாக்கியால் தீர்க்க முயன்ற பகையை, வாய்க்கால் யாருக்கு முதலில் என்ற வாக்குவாதமாக மாற்றும் இடம் மன்றம். அந்த இடத்தைக் காலியாக வைத்துவிட்டுப் பணத்தை மட்டும் அனுப்பினால், பணத்தைக் கொண்டுவந்து தருபவன் என்ற பெயரில் ஒரு தரகர் வகுப்பு உருவாகும். நேபாளத்தில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கே உள்ளாட்சித் தேர்தல் 1997க்குப் பிறகு 2017இல்தான் நடந்தது. 2002இல் பழைய உறுப்பினர்களின் காலம் முடிந்து போயிற்று. மாவோயிஸ்டுகளுடன் 2006இல் முழுமையான சமாதான உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, உள்ளூர் மானியங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடின. தேர்தல் மட்டும் வரவில்லை. காலியிடத்தை நிரப்ப, கட்சிகளின் உள்ளூர்ப் பிரதிநிதிகள் கூடி அமர்ந்து திட்டங்களைப் பரிந்துரைக்கும் அனைத்துக் கட்சி ஏற்பாடு ஒன்றை வைத்தார்கள். எல்லாக் கட்சியும் உள்ளே இருந்ததால் வெளியே நின்று கேள்வி கேட்க எந்தக் கட்சியும் மிஞ்சவில்லை. முறைகேடுகள் பெருகி, அந்நாட்டின் ஊழல் விசாரணை ஆணையமே தலையிட்டு, 2012இல் அந்த ஏற்பாடு கலைக்கப்பட்டது. ஊழலில் கட்சி வேறுபாடு பார்க்காமல் ஒற்றுமை நிலவியதையும் சமாதானம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்வதா என்பதை உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

கென்யாவைப் பற்றி ஒரு தணிக்கைக்காரன் கண்ணில் படும் செய்தி. நீங்கள் குறிப்பிட்ட 15 விழுக்காடு எந்த ஆண்டின் வருவாயில் என்பதையும் பாருங்கள். மிக அண்மையில் தணிக்கை செய்யப்பட்டு, தேசியப் பேரவை ஏற்றுக்கொண்ட கணக்கின்படி என்று அரசமைப்பு சொல்கிறது. பேரவை கணக்குகளை ஏற்றுக்கொள்வதைத் தாமதித்தால், பல ஆண்டுகளுக்கு முந்தைய, சிறிய வருவாயே அடிப்படையாக நிற்கும். அதுவே அங்கே நடந்தும் இருக்கிறது. விழுக்காட்டைத் தொடாமலேயே தொகையைச் சுருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் விழுக்காட்டுக்காக இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, அடிக்குறிப்பு எழுதும் நேரத்தில் தூங்கிப் போகிறார்கள்.

நம் மாநிலத்திலேயே இன்னொன்று இருக்கிறது. ஆய்வேட்டில் இதைச் சேர்க்காமல் விட்டால் குறையாகும். மேலவளவில் தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்வான தலித் ஒருவரும், உடன் இருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் 1996 முதல் பத்து ஆண்டுகள் தலைவர் பதவி நிலைக்க விடப்படவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பில் நீடித்தார்கள். அங்கே எந்த ஒப்பந்தமும் இல்லை, சிறப்பு நிதியின் விழுக்காடும் இல்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து காசோலையில் கையெழுத்திடுவது என்பதே அங்கே மோதலாகவும் தீர்வாகவும் இருந்தது.

மறுமொழி 2 – ஐயம் உள்ளவர்

ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மிசோரத்தை எங்கே வைப்பது? 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம், 1987 பிப்ரவரியில் தனி மாநிலம், இருபது ஆண்டுகள் ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் தலைவர் லால்டெங்கா முதலமைச்சர். அந்த மாநிலத்தின் வருவாயில் மிகப் பெரும்பங்கு அன்றிலிருந்து இன்றுவரை தில்லியிலிருந்துதான் வருகிறது. சொந்த வரி இல்லாத அரசு மக்களுக்குப் பதில் சொல்லாது என்ற பாடம் அங்கே பொய்த்துப் போயிருக்கிறது. கட்சித் தாவலால் 1988இல் ஆட்சியை இழந்த அவருடைய மிசோ தேசிய முன்னணி காட்டுக்குத் திரும்பவில்லை. பத்து ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் காத்திருந்து 1998இல் வாக்குச்சீட்டின் வழியாகத் திரும்பி வந்தது. தோற்றவர்கள் தோல்வியை ஏற்றுக்கொண்டார்கள் என்பதே அங்கே கதை. பணம் துணைப் பாத்திரம்தான். மாணவி அவர்கள் பணத்தை மட்டும் தனியே பிரித்து அளக்க முயன்றால், விளைவுக்குத் தவறான காரணத்தைச் சூட்டும் அபாயம் இருக்கிறது.

மறுமொழி 3 – வடமராட்சியிலிருந்து வளசரவாக்கம்

நான் வடமராட்சியில் பிறந்து, இப்போது வளசரவாக்கத்தில் வசிப்பவன். மேலே எவரும் இலங்கையைத் தொடாததால், அறிந்ததை எழுதுகிறேன்.

1987ஆம் ஆண்டு இந்திய – இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்த பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. வடக்கையும் கிழக்கையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஏற்பாடு, நாடு முழுவதற்குமாக ஒன்பது சபைகளாக நீண்டது. வேடிக்கை என்னவென்றால், எவருக்காக அது கொண்டுவரப்பட்டதோ அந்த வட மாகாணத்தில்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை மிகக் குறைந்த காலம் இயங்கியது. 1988 இறுதியில் தெரிவான இணைந்த வடகிழக்குச் சபை 1990இல் முடிவுற்றது. அதன் பிறகு 2013 செப்டெம்பர் 21 அன்றுதான் வடக்கு வாக்களித்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்றது. 2018 அக்டோபரில் அந்தச் சபையின் காலமும் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கொண்டுவரப்பட்ட தேர்தல் திருத்தச் சட்டம், தொகுதி முறையும் விகிதாசார முறையும் சேர்ந்த கலப்பு முறையைப் புகுத்தி, தொகுதிகளைப் புதிதாக வரையச் சொன்னது. வரைந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில், வடக்குக்கு மட்டுமன்றி நாட்டின் எல்லாச் சபைகளுக்கும் தேர்தல் தடைப்பட்டுப் போயிற்று. எவரும் சபைகளை ஒழிக்கவில்லை. ஒழிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

சபை இயங்கிய ஐந்து ஆண்டுகளிலும் பணம் அதன் கைக்கு எவ்வளவு வந்தது என்பதே உங்கள் கேள்விக்கு உரிய இடம். மாகாணங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கும். தேவையையும் கையிருப்பையும் பார்த்து மத்திய அரசு ஒதுக்கும். வந்த பணத்தின் பெரும்பகுதி ஆசிரியர், மருத்துவ ஊழியர் உள்ளிட்டோரின் சம்பளமாகவே கரைந்துவிடும். அபிவிருத்திக்கு என்று மிஞ்சுவதைக் கொண்டு சபை தன் விருப்பப்படி செய்யக்கூடியது சொற்பம். நிதி தொடர்பான எந்த நியதிச்சட்டத்தையும் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஆளுநரின் பரிந்துரை இன்றிச் சபையில் முன்வைக்க முடியாது. ஆளுநரோ சனாதிபதியால் நியமிக்கப்படுபவர். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தைச் சட்டப்படி ஏற்றுக்கொள்வதற்கு முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்க வடக்குச் சபை எடுத்த முயற்சி கடைசிவரை கைகூடவில்லை.

ஆனால் அதே மாகாணத்தில் பணம் செலவாகவில்லை என்று சொன்னால் அது பொய். போர் 2009 மே மாதத்தில் முடிந்தவுடன் சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டு, ‘வடக்கின் வசந்தம்’ என்ற பெயரில் வீதிகளும் பாலங்களும் மின்கம்பங்களும் வேகமாக எழுந்தன. ஏ9 வீதி அகலமாயிற்று. 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அந்தத் தண்டவாளத்தை இந்தியக் கடனுதவியில் போட்டார்கள். இவை எல்லாவற்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன், பழிக்க மாட்டேன். எனினும் எந்த வீதி முதலில் என்பதையோ, காணாமற்போனவரைத் தேடும் குடும்பத்துக்கு என்ன தேவை என்பதையோ அங்கிருந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யும் வாய்ப்பு அந்த அமைப்பில் இருக்கவில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதைப் போலப் பணம் மக்களுடையது, புண்ணியம் திறப்புவிழாவில் நாடா வெட்டியவருடையது.

ஒரு விதிவிலக்கையும் சொல்வது நேர்மை. இந்திய வீடமைப்புத் திட்டம் ஐம்பதாயிரம் வீடுகளுக்கு 2010இல் அறிவிக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் அதன் பெரும்பகுதி, வீட்டு உரிமையாளரே கட்டிக்கொள்ளும் முறையில் நடந்தது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாக, நேரே அவர்களுடைய வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்பட்டது. விலைவாசி ஏறியதால் அந்தத் தொகை போதவில்லை, கடன்பட்டுக் கட்டி முடித்தவர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நடுவில் ஒப்பந்தகாரருக்கும் அரசியல்வாதிக்கும் வேலை இருக்கவில்லை. தணிக்கையாளர் ஐயா சொல்லும் தரகர் வகுப்புக்கு அங்கே இடம் கிடைக்காமல் போனது.

‘ஐயம் உள்ளவர்’ அவர்களுக்கு ஒரு சொல். மிசோரத்தில் தோற்றவர்கள் காத்திருந்தார்கள் என்றால், அடுத்த தேர்தல் வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. வடக்கில் எதற்காகக் காத்திருப்பது என்பதே தெரியவில்லை.

மறுமொழி 4 – மந்தைவெளி மாணவி

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, மூவருக்கும் நன்றி. மிசோரத்தைத் தனி அத்தியாயமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். நான் பார்த்த அரசாங்க அறிக்கைகள் சிலவற்றில், முன்னாள் போராளிகளின் கைக்குப் போகும் பணத்தை மிகக் கறாராகக் கணக்குக் கேட்டால் அவர்கள் மனம் கசந்து மீண்டும் ஆயுதம் எடுக்கக்கூடும், ஆகவே தொடக்க ஆண்டுகளில் கொஞ்சம் கண்டும் காணாமல் இருப்பதே அறிவுடைமை என்ற தொனி இருக்கிறது. இதற்கு ஆதாரம் உண்டா? தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருந்தும் பணம் தவறாகப் போன இடங்களும் இருக்கத்தானே செய்யும்? மேலும், என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

மறுமொழி 5 – தென்கிழக்கு நோக்கர்

தென்கிழக்கு ஆசிய அரசியலைத் தொடர்ந்து படித்து எழுதி வருபவன். அந்தத் தொனிக்கு ஆச்சேயிலிருந்தே பதில் சொல்லலாம்.

ஹெல்சிங்கியில் 2005 ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, சுதந்திர ஆச்சே இயக்கத்தின் போராளிகள் 3,000 பேர் என்றும், ஒப்படைக்க வேண்டிய ஆயுதங்கள் 840 என்றும் குறித்தது. உண்மையான போராளிகளின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு அதிகம். மறுவாழ்வுப் பணம் 3,000 பேர் கணக்கில் வந்தது. பெயர்ப்பட்டியல் தர இயக்கம் தயங்கியதால் தளபதிகள் வழியாகப் போய், அவரவர் படையினருக்கு அவரவர் விருப்பப்படி பிரிக்கப்பட்டது. எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னது மேசையில் எளிதாக இருந்தது. விளைவு, பணத்தைப் பிரிக்கும் தளபதிக்குப் போர் முடிந்த பின்னும் ஒரு படை மிஞ்சியது. அவர்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் கட்டுமான ஒப்பந்ததாரர்களாக மாறினார்கள். சாலை ஒப்பந்தம் யாருக்கு என்பதில் பழைய படைவரிசையின் செல்வாக்கு தெரிந்தது.

மாணவி கேட்டபடி, இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாமல் இல்லை. இந்தோனேசியாவிலேயே ஆச்சேயில் மட்டும்தான் மாநிலக் கட்சிகளுக்கு அனுமதி உண்டு. முன்னாள் போராளிகளின் கட்சி 2009 தேர்தலில் 69 இடங்களில் 33ஐப் பிடித்தது. ஆளுநரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சிறப்புத் தன்னாட்சி நிதி 2008 முதல் தடையின்றி வந்தது. இத்தனை இருந்தும் சுமத்ரா தீவிலேயே வறுமை மிகுந்த மாநிலங்களில் ஒன்றாக ஆச்சே நீடிக்கிறது. ஆகவே, மன்றம் இருந்தால் போதும் என்று தணிக்கையாளர் ஐயா சொல்வதாக எடுத்துக்கொண்டால், அதை நான் ஏற்க மாட்டேன். ஒரே இயக்கத்தார் நிர்வாகத்திலும் மன்றத்திலும் ஒப்பந்ததாரர் பட்டியலிலும் இருக்கும்போது, மன்றத்தில் கேள்வி கேட்கும் குரலை எதிர்பார்ப்பது வீண்.

அதனால்தான் 2018 ஜூலையில் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இயக்கத்தின் முன்னாள் முன்னணியாளரும், இரண்டாம் முறை ஆளுநராகத் தேர்வானவருமான இர்வாண்டி யூசுப், இதே சிறப்புத் தன்னாட்சி நிதி தொடர்பான லஞ்ச வழக்கில் தேசிய ஊழல் ஒழிப்பு ஆணையத்தால் கைது செய்யப்பட்டு, 2019இல் சிறைத்தண்டனை பெற்றார். ஆச்சே மீண்டும் போருக்குத் திரும்பவில்லை. ஒப்பந்தமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன என்பது உண்மைதான். 2006இல் இதே கைது நடந்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நான் முழுவதும் தள்ளவில்லை. ஆனால் கண்டும் காணாமல் இருந்த அந்தத் தொடக்க ஆண்டுகளில்தான் ஒப்பந்ததாரர் வலை பின்னப்பட்டது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நேபாளத்திலும் இதே கதை. ஐ.நா. குழு சரிபார்த்த மாவோயிஸ்டுப் போராளிகள் 19,602 பேர்; பல ஆண்டுகள் முகாம்களுக்குப் படிப்பணம் கட்சி வழியாகப் போயிற்று. கடைசியில் ஆட்களைப் பிரித்துப் பதிவு செய்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாமிலேயே இல்லை. அவர்கள் பெயரில் வாங்கிய பணம் எங்கே என்ற கேள்வி அந்நாட்டு அரசியலில் இன்றும் எழுந்துகொண்டே இருக்கிறது.

கிழக்குத் திமோரைப் பற்றிச் சுருக்கமாக. 2006 நெருக்கடியில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். எண்ணெய்ப் பணம் கையில் இருந்ததால் அரசு வீடிழந்த குடும்பத்துக்கு 4,500 டாலர்வரை ரொக்கமாகக் கொடுத்து, சில ஆண்டுகளுக்குள் முகாம்களை மூடியது. காசு கொடுத்து அமைதியை வாங்கினார்கள் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. மழையில் கூடாரத்தில் கிடந்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். அதே தாராளம் முன்னாள் போராளிகளின் ஓய்வூதியமாக நிரந்தரமானபோது மட்டும் எனக்குத் தயக்கம் வருகிறது. ஒருமுறை கொடுத்து முடிக்கும் பணத்துக்கும், பட்டியலில் பெயர் இருக்கும் வரை ஓடும் பணத்துக்கும் அரசியல் விளைவுகள் வேறு. இரண்டாவது வகையில், பட்டியலில் பெயர் சேர்ப்பவர் அதிகாரம் பெறுகிறார்.

மறுமொழி 6 – ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

தென்கிழக்கு நோக்கர் சொன்ன திருத்தம் சரியானது. மன்றம் வேண்டும், அந்த மன்றத்துக்கு வெளியே நின்று கேட்கும் ஓர் அமைப்பும் வேண்டும். ஆச்சேயில் இரண்டாவது அமைப்பு சகார்த்தாவிலிருந்து வந்தது.

இனி மாணவி அவர்களின் இரண்டாவது கேள்வி. தேர்தல் நடத்தாத இடத்துக்கு மானியத்தை நிறுத்தலாமா என்பதை நாம் அனுபவித்தே பார்த்திருக்கிறோம். சென்னை உயர் நீதிமன்றம் 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்த பிறகு, ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர்வரை தள்ளிப் போயிற்று. அந்தக் காலத்தில், முறையாகத் தேர்வான அமைப்புகளுக்கே தரலாம் என்ற பதினான்காவது நிதி ஆணையத்தின் நிபந்தனைப்படி, ஒன்றிய அரசின் உள்ளாட்சி மானியம் தமிழ்நாட்டுக்கு முடங்கியது. தேர்தலை நடத்தாதவர்கள் கோட்டையில் இருந்தார்கள். குடிநீர்க் குழாய் பழுதாகியும் மாற்ற முடியாமல் தவித்தவர்கள் ஊராட்சியில் இருந்தார்கள். தண்டனை தவறான முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபுறம், நிபந்தனையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பங்சமோரோ காட்டுகிறது. 5 விழுக்காடு தானாக வந்துகொண்டிருக்கிறது; 2022இல் நடக்க வேண்டிய முதல் தேர்தல் 2025க்குத் தள்ளிப்போய், அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது. பணம் வந்துகொண்டிருக்கும்போது, இடைக்கால மன்றத்தில் இருக்கும் நியமன உறுப்பினர்களுக்கு என்ன அவசரம்?

ஆகவே நிறுத்துவதா வேண்டாமா என்று கேட்பதைவிட, எதை நிறுத்துவது, எவ்வளவு காலம் நிறுத்துவது, நிறுத்தியவரை யார் கேட்பது என்று பிரித்துக் கேட்கலாம். இதில் கென்ய அரசமைப்பின் 225ஆவது பிரிவை நீங்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒரு கவுண்டி கடுமையான விதிமீறல் செய்தால், நிதிக்குப் பொறுப்பான அமைச்சர் பணத்தை நிறுத்தலாம். ஆனால் அதற்குச் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் நிறுத்தக் கூடாது. நாடாளுமன்றம் புதுப்பித்தாலன்றி அறுபது நாளுக்கு மேல் நீட்டிக்கக் கூடாது. முப்பது நாளுக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தராவிட்டால், தொடக்கத்திலிருந்தே அந்த உத்தரவு செல்லாததாகிவிடும். நிறுத்துபவரின் கையையும் சட்டம் கட்டுகிறது. நம் நிதி ஆணையங்களின் நிபந்தனைகளில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், இதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன்: சம்பளம், குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகியவற்றுக்கான தொகையை எந்த நிலையிலும் தொடக் கூடாது, புதிய கட்டுமானப் பணிகளுக்கான தொகையை மட்டும் தனிக் கணக்கில் வைத்து, மன்றம் பொறுப்பேற்ற நாளில் வட்டியோடு அந்த மன்றத்திடமே ஒப்படைக்க வேண்டும். ஒப்பந்ததாரர்களுக்கு ஆர்வம் இருப்பது புதிய பணிகளில்தான். அது நின்றால், தேர்தல் எப்போது என்று கேட்கும் கூட்டத்தில் அவர்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.